கோட்டு சூட்டின் கதை – 14: உளவாளிக்கு அளவெடுத்தவர்

போர் முடிந்து ஊர் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அரசாங்கமே ஆளுக்கொரு சூட் கொடுத்து அனுப்பிய கட்டத்தில் சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். அதில் பெரும் பங்கு லீட்ஸ் நகரத்தில் மான்டேகு பர்ட்டனின் தொழிற்சாலை மலைமலையாகத் தைத்துக் குவித்தது. கூடவே ரேஷன். 1941 ஜூனில் துணிக்குக் கூப்பன் முறை வந்தது. 1949 மார்ச்சில்தான் போனது. 1942இல் வந்த சிக்கன விதிகள் இன்னும் கடுமை: பேன்ட்டின் கால் நுனியில் மடிப்பு கூடாது, இத்தனை பாக்கெட்டுக்கு மேல் கூடாது, இரட்டை வரிசைப் பட்டன் கோட்டு கூடவே கூடாது. ஆண்களின் உடைக்கான விதிகளை 1944இலேயே தளர்த்திவிட்டார்கள். இருந்தாலும் துணியைத் தாராளமாக விட்டுத் தைப்பது என்பதே ஒரு தலைமுறைக்கு மறந்துபோன சுகமாகிவிட்டது.

அந்தத் தலைமுறையின் ஏக்கத்துக்குத்தான் இயான் ஃபிளெமிங் தீனி போட்டார். ஜேம்ஸ் பாண்ட் தோன்றிய முதல் நாவலான ‘கசினோ ராயல்’ 1953இல் வெளிவந்தபோது பிரிட்டனில் இறைச்சிக்குக்கூட ரேஷன் நீங்கவில்லை. பாண்ட் சாப்பிடுவதையும் குடிப்பதையும் ஃபிளெமிங் படிப்பவர் நாவில் நீர் ஊறும்படி எழுதுவார். உடை என்று வந்தால் மட்டும் அடக்கி வாசிப்பார். கருநீல சூட், கறுப்புப் பட்டு நூலில் பின்னிய டை, லேஸ் இல்லாத ஷூ, அரைக்கைச் சட்டை. கோட்டுக்குள் அரைக்கைச் சட்டை! கோட்டுக் கையின் நுனியில் சட்டையின் கஃப் அரை அங்குலமாவது எட்டிப் பார்க்க வேண்டும் என்று உயிரை விடுகிற லண்டன் தையற்காரர்கள் இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அது ஃபிளெமிங்கின் சொந்தப் பழக்கம். தன் கதாநாயகனுக்கும் மாட்டிவிட்டார்.

ஆக, ஜேம்ஸ் பாண்ட் என்றதும் உலகத்தின் கண்ணில் வந்து நிற்கிற அந்தச் சாம்பல் நிற சூட் நாவலிலிருந்து வந்ததில்லை. அதன் ஊற்றுக்கண் ஒரு சினிமா இயக்குநரின் அலமாரி.

1961இல் ஹாரி சால்ட்ஸ்மேன், ஆல்பர்ட் பிராக்கலி என்ற இரண்டு தயாரிப்பாளர்கள் சேர்ந்து பாண்ட் கதைகளைப் படமாக்கக் கிளம்பினார்கள். முதல் படம் ‘டாக்டர் நோ’. கையிலிருந்தது ஏறக்குறைய 10 லட்சம் டாலர். பெரிய நட்சத்திரத்துக்கு அந்தப் பணம் காணாது. கதாநாயகனாக அவர்கள் பிடித்தது ஷான் கானரியை. எடின்பரோவில் ஃபவுன்டன்பிரிட்ஜ் என்ற தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். பள்ளிப் படிப்பைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு பால் வண்டி ஓட்டியவர், கடற்படையில் சேர்ந்து வயிற்றுப் புண்ணால் திரும்பியவர், சவப்பெட்டிக்குப் பாலிஷ் போட்டவர், உடற்கட்டுப் போட்டிகளில் நின்றவர். கடற்படையில் குத்திக்கொண்ட பச்சை இரண்டு கையில் இருந்தது: ஒன்று அப்பா அம்மாவுக்கு, இன்னொன்று ஸ்காட்லாந்துக்கு. ஆறடி இரண்டங்குலம், அகன்ற மார்பு, ஒடுங்கிய இடுப்பு. தயாரிப்பாளர்களைப் பார்த்துப் பேசிவிட்டு அவர் தெருவைக் கடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் இருவரும் முடிவெடுத்தார்கள் என்பது சினிமா உலகில் பலமுறை சொல்லப்பட்ட கதை. அந்த நடைக்குப் பின்னால் உழைப்பு இருந்தது. யாட் மால்ம்கிரென் என்ற ஸ்வீடன் நாட்டு நடனக் கலைஞரிடம் உடல் அசைவைப் பாடமாகவே படித்திருந்தார் கானரி.

நடை சரி. உடை? இங்கேதான் டெரன்ஸ் யங் வருகிறார்.

யங் 1915இல் ஷாங்காயில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தவர். போரில் ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவின் அதிகாரியாக ஆர்ன்ஹெம் போர்முனை வரை போனவர். நல்ல சாப்பாடு, நல்ல ஒயின், நல்ல துணி மூன்றிலும் தாராளமானவர். படத்தில் பாண்டாக நடித்தவர் கானரி. நிஜத்தில் பாண்டாக வாழ்ந்தவர் யங் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். பாண்ட் படங்களில் மனிபென்னியாக நடித்த லோயிஸ் மேக்ஸ்வெல்லும் இதைச் சொல்லியிருக்கிறார்: கானரியை யங் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு விருந்துகளுக்கு அழைத்துப் போய், எப்படி நடப்பது, எப்படிப் பேசுவது, எப்படிச் சாப்பிடுவது என்று எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தாராம். அந்தப் பயிற்சியின் ஒரு பகுதியாகத் தன் சொந்தத் தையற்காரரிடமும் கூட்டிப்போனார்.

ஆன்டனி சின்க்ளேரின் கடை காண்டியூட் தெரு 43ஆம் எண்ணில் இருந்தது. சவில் ரோவின் வடக்கு முனையில் குறுக்காக ஓடுகிற தெரு அது. தையற்கலையின் தலைமைப் பீடம் என்று நாம் ஆறு அத்தியாயங்களாகப் பேசிவந்த சவில் ரோவில் அவருக்குக் கடை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஹென்றி பூல் மாதிரி அரச குடும்ப முத்திரையும் கிடையாது. வாடிக்கையாளர்களில் நிறையப் பேர் யங்கைப் போன்ற முன்னாள் கார்ட்ஸ் அதிகாரிகள். சீருடையைக் கழற்றி வைத்த பிறகும் நிமிர்ந்த முதுகு மாறாத ஆட்கள். அலுவலகத்துக்குப் போட்டுப் போகப் பகட்டில்லாத சூட் கேட்பவர்கள். அவர்களுக்கென்று பழகிய கைக்குத்தான் எடின்பரோ பால்காரரின் உடம்பு வந்து சேர்ந்தது.

சின்க்ளேரின் வெட்டுக்குத் தெருவின் பெயரையே வைத்து ‘காண்டியூட் கட்’ என்பார்கள். அதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம்.

தோளில் திணிப்பு குறைவு. இயல்பான தோளின் வரியிலேயே கோட்டு உட்காரும். ஆனால் கை வந்து தோளில் சேருகிற இடத்தில் லேசாக ஒரு மேடு எழும்பும். மார்பில் தேவைக்கு மேல் சற்றே கூடுதலாகத் துணி விட்டிருப்பார்கள். அது அக்குளுக்கு அருகே மெல்லிய செங்குத்து மடிப்பாக விழும். இந்த உத்தி சின்க்ளேர் கண்டுபிடித்ததல்ல. போருக்கு முன்பே ஃபிரெடரிக் ஷோல்ட் என்ற தையற்காரர், கார்ட்ஸ் அதிகாரிகளின் பெரிய மேலங்கி பெல்ட்டுக்கு மேலே பொங்கி நிற்பதைப் பார்த்துக் கொண்டுவந்தது. பின்னாளில் விண்ட்சர் கோமகனான இளவரசருக்குத் தைத்தாரே, அதே ஷோல்ட். மார்பில் விட்ட தாராளத்தை இடுப்பில் பிடித்து இறுக்கிவிடுவது காண்டியூட் கட்டின் அடுத்த வேலை. கானரியின் உடம்பில் மார்புக்கும் இடுப்புக்கும் இருந்த வித்தியாசம் சாதாரண வாடிக்கையாளருக்கு இருப்பதைவிட மிக அதிகம். பர்ட்டன் கடை ரெடிமேட் கோட்டு அந்த மார்புக்குச் சரியாக வந்தால் இடுப்பில் சாக்குப் பை போலத் தொங்கும். முன்பக்கத்தில் டார்ட் பிடித்தும் பக்கவாட்டுத் தையலை வளைத்தும்தான் அதைச் சரிக்கட்ட முடியும்.

பேன்ட்டில் பெல்ட் கிடையாது. இடுப்புப் பட்டியின் இரண்டு பக்கமும் பட்டன் வைத்த சின்னப் பட்டைகள். இழுத்து மாட்டிக்கொண்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். 1930களில் சிம்ப்சன் நிறுவனம் டாக்ஸ் என்ற பெயரில் பிரபலமாக்கிய ஏற்பாடு இது. பெல்ட் பக்கிள் கோட்டின் நடுவில் முட்டிக்கொண்டு நிற்காததால், மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக வரி இறங்கும்.

இதெல்லாம் தைத்து முடிவதற்கு முன்னால் மூன்று முறையாவது ட்ரையல் உண்டு. கட்டிங் மாஸ்டர் பழுப்புத் தாளில் அந்த ஒரு ஆளுக்கென்று மாதிரி வெட்டுவார். துணியை வெட்டி, வெள்ளை நூலால் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டு, பாக்கெட்டும் இல்லாமல் லைனிங்கும் இல்லாமல் ஒரு கூட்டை முதலில் மாட்டிப் பார்ப்பார்கள். சாக்குக் கட்டியால் கோடு போட்டுக் கொண்டு, அடுத்த நாள் அந்தத் தையலையெல்லாம் பிரித்துவிட்டு மறுபடி வெட்டுவார்கள். துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே குதிரை மயிர் கலந்து நெய்த கேன்வாஸ் போகும். லேப்பல் மடிப்பில் அந்த கேன்வாஸைத் துணியோடு பிணைக்க நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னக் கைத்தையல். வெளியே ஒரு தையல்கூடத் தெரியாது. ஆனால் லேப்பல் தட்டையாகப் படிந்துவிடாமல், உயிருள்ளது மாதிரி சுருண்டு பட்டனை நோக்கி இறங்குவது அந்தத் தையலால்தான். இன்றைக்கும் சவில் ரோ சங்கத்தின் கணக்கில் ஒரு சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை.

முதல் சூட் தயாரானதும் யங் ஒரு கட்டளை போட்டாராம்: அதைக் கழற்றவே கூடாது, போட்டுக்கொண்டே தூங்கி எழ வேண்டும். கேட்பதற்குக் கிறுக்குத்தனமாக இருக்கலாம். கோட்டு போட்டுப் பழகாதவன் கோட்டு போட்டால் நமக்கு உடனே தெரிந்துவிடும்: கையை உடம்பிலிருந்து விலக்கி வைப்பான், உட்காரும்போது கீழ்ப்பக்கத்தை இழுத்து விடுவான், கசங்கிவிடுமோ என்று பயந்து பயந்து திரும்புவான். யங் உடைக்க நினைத்தது இந்தப் பயத்தை. விலை உயர்ந்த துணி மேல் மரியாதை இல்லாதவன்தான் அதோடு பிறந்தவன் மாதிரி தெரிவான் என்பது அதிகாரி வர்க்கத்தில் வளர்ந்த யங்குக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சட்டைக்கு ஜெர்மின் தெருவில் டர்ன்புல் அண்ட் அசர். அங்கே தைத்த சட்டைகளின் கஃப் தனி ரகம்: பின்னால் மடித்து, கஃப்லிங்க் இல்லாமல் இரண்டு பட்டனில் முடிவது. அந்தக் கஃப்புக்கு மேலே கடற்படைப் பச்சை பத்திரமாக மறைந்திருந்தது.

1962 அக்டோபர் 5ஆம் தேதி லண்டனில் ‘டாக்டர் நோ’ வெளியானது. சூதாட்ட மேசையில் முதலில் கைகளை மட்டும் காட்டுகிறார்கள். சீட்டைப் புரட்டும் கைகள், டின்னர் ஜாக்கெட்டின் கை நுனியில் சாட்டின் மடிப்பு. பிறகுதான் முகம், பிறகுதான் பெயர். அந்த மனிதன் யார் என்பது பெயரைச் சொல்வதற்கு முன்பே உடையால் சொல்லப்பட்டுவிடுகிறது. அதன்பிறகு ஜமைக்காவில் அவர் போடும் சூட்டுகள் பெரும்பாலும் சாம்பல் நிறமும் சிறு கட்டம் போட்ட சாம்பல் நிறமும்தான். ஒரே நிறத்தில் டை. கண்ணைப் பறிக்கிற எதுவும் இல்லை. 1962 லண்டனில் காலை ரயிலில் இறங்குகிற ஆயிரம் கனவான்களுக்கு நடுவே விட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. உளவாளிக்கு வேறென்ன வேண்டும்? அறுபது ஆண்டு கழித்தும் அந்த உடைகள் பழசாகத் தெரியாததற்குக் காரணமும் இதுதான் என்பேன். அதே பத்தாண்டின் கடைசியில் வந்த படங்களைப் பாருங்கள். லேப்பலின் அகலத்தை வைத்தே ஆண்டைச் சொல்லிவிடலாம்.

துப்பாக்கி விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. இதே படத்தில்தான் பாண்டிடமிருந்து பெரெட்டாவைப் பிடுங்கிக்கொண்டு வால்தர் பிபிகே கொடுக்கிறார்கள். இடது அக்குளில் உறை. உடம்போடு ஒட்டித் தைத்த கோட்டாக இருந்தால் அந்த இடம் புடைத்துக்கொண்டு காட்டிக் கொடுத்துவிடும். கார்ட்ஸ் அதிகாரிகளின் கம்பீரத்துக்காக மார்பில் விட்ட அந்தக் கூடுதல் துணி இங்கே வேறு வேலைக்கு உதவியது.

அடுத்த ஆண்டு வந்த ‘ஃபிரம் ரஷ்யா வித் லவ்’ படத்தையும் யங்தான் இயக்கினார். ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் ராபர்ட் ஷா நடித்த கொலையாளி, ஆங்கிலக் கனவானாக வேடம் போட்டு பாண்டோடு ஒட்டிக்கொள்கிறான். உடையில் குற்றம் சொல்ல முடியாது. மீனுக்குச் சிவப்பு ஒயின் கேட்கிறான், அங்கே சறுக்குகிறது. பாண்ட் அதைத் தாமதமாகத்தான் உணர்கிறான். மேல்தட்டு என்பது கற்றுக்கொண்டு போட்டுக்கொள்ளக்கூடிய வேடம் என்று அந்தக் காட்சி சொல்கிறது. ஒன்றரை ஆண்டுக்கு முன் அதே வேடத்தை அதே இயக்குநரிடம் கற்றுக்கொண்டவர் எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார் என்பதை நினைத்துப் பார்த்தால் காட்சி இன்னும் சுவையாகிறது.

1964இல் ‘கோல்ட்ஃபிங்கர்’. இயக்குநர் மாறி கை ஹாமில்டன் வந்தார், சின்க்ளேர் மாறவில்லை. தொடக்கத்தில் பாண்ட் நீரிலிருந்து ஏறி வந்து நீச்சல் உடையைக் கழற்றினால், உள்ளே மடிப்பு கலையாத தந்த வெள்ளை டின்னர் ஜாக்கெட். பொத்தான் துளையில் சிவப்புக் கார்னேஷன் பூவைச் செருகிக்கொண்டு நடக்கிறார். நம்ப முடியாத இந்த ஒரு நகைச்சுவைக்கே படம் பார்க்கலாம். ஆனால் தையற்கலைஞர்கள் மெச்சுவது வேறு ஒன்றை: சாம்பல் நிறத்தில் மெல்லிய கட்டம் போட்ட, வெயிஸ்ட் கோட்டுடன் கூடிய மூன்று உருப்படி சூட். அந்த வெயிஸ்ட் கோட்டுக்கே தனியாகச் சின்ன லேப்பல் உண்டு. இன்றும் சூட் தைக்கப் போகிறவர்கள் படத்தைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது இதைத்தான்.

போட்டியாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் ‘தி அவெஞ்சர்ஸ்’ தொடரின் ஜான் ஸ்டீட், பவுலர் தொப்பியும் குடையுமாக வேறொரு பாணியை உருவாக்கினார். கோட்டுக் காலரில் வெல்வெட், இடுப்பில் இன்னும் இறுக்கம். நடித்த பேட்ரிக் மெக்னி அந்த உடைகளின் வடிவமைப்பில் தானே கை வைத்தவர். எதிர்த் திசையில், பாண்ட் படங்களின் அதே சால்ட்ஸ்மேன் 1965இல் ‘தி இப்கிரஸ் ஃபைல்’ எடுத்தார். மீன் சந்தைச் சுமைதூக்கியின் மகனான மைக்கேல் கெய்ன் அதில் கண்ணாடி போட்ட, மழைக்கோட்டு மாட்டிய, சம்பள உயர்வு கேட்கிற உளவாளி.

கானரி 1967க்குப் பிறகு ஒதுங்கினார். அடுத்து நடந்ததுதான் இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஜார்ஜ் லேசன்பி ஆஸ்திரேலியாவில் கார் விற்றவர். லண்டனுக்கு வந்து விளம்பர மாடலானவர். நடிப்பு அனுபவம் என்று பெரிதாக எதுவும் இல்லை. பாண்ட் வேடத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர் போனது நடிப்புப் பள்ளிக்கு அல்ல. முதலில் கானரியின் முடிதிருத்துநரிடம் போய் அதே மாதிரி வெட்டிக்கொண்டார். பிறகு காண்டியூட் தெருவுக்குப் போய், கானரிக்கென்று தைத்து அவர் எடுத்துக்கொள்ளாமல் விட்ட ஒரு சூட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். கையில் ரோலெக்ஸ். நேரே தயாரிப்பாளர் அலுவலகத்துக்குள் நுழைந்தார். இதெல்லாம் லேசன்பியே பலமுறை சொன்னது. அவருக்குக் கதையை அலங்கரிக்கிற பழக்கம் உண்டு என்றாலும், வேடம் கிடைத்தது என்னவோ உண்மை. ஏழு ஆண்டுக்கு முன் ஆளைப் பாண்டாக்க சூட் தைத்தார்கள். இப்போது சூட் உள்ளே வந்தது, பின்னால் ஆள் வந்தார். 1969 படத்துக்கு அவருக்குத் தைத்தது சின்க்ளேர் அல்ல, டிமி மேஜர் என்ற வேறொரு தையற்காரர். கானரி 1971இல் ஒருமுறை திரும்பி வந்தபோது சின்க்ளேரும் திரும்பி வந்தார்.

அடுத்துப் பாண்டான ரோஜர் மூர் தன் தையற்காரரைத் தானே கூட்டி வந்தார்: சிரில் காசில், அவரும் காண்டியூட் தெருக்காரர். அகலமான லேப்பலும் விரிந்த பேன்ட்டுமாக 1970கள் ஓடின. 1981 முதல் மூருக்குத் தைத்தவர் மவுண்ட் தெருவில் கடை வைத்திருந்த டக்ளஸ் ஹேவர்ட். ‘ஆக்டோபஸி’ படத்துக்காக மூர் உதயப்பூருக்கு வந்தபோது போட்டவை அவர் தைத்தவை. நம் சென்னை டென்னிஸ்காரர் விஜய் அமிர்தராஜ் அதே படத்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டு கூடவே வருவாரே, அந்தப் படம்தான். ஹேவர்ட் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்து ஊர்ப் பெரிய மனிதர்களுக்கெல்லாம் அளவெடுத்தவர். அவர் கடையில் உட்கார்ந்து அரட்டை அடிக்கவே பிரபலங்கள் வருவார்கள். ஜான் லெ காரே 1996இல் எழுதிய ‘தி டெய்லர் ஆஃப் பனாமா’ நாவலில், கட்டுக்கதை சொல்லிச் சொல்லியே உளவுத்துறையை ஏமாற்றும் தையற்காரருக்கு இவர்தான் தூண்டுதல் என்பார்கள். உளவாளிக்குத் தைத்தவர் உளவுக் கதைக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

1995இல் ஆங்கில உளவாளி இத்தாலிக்காரரிடம் போய்விட்டான். ‘கோல்டன் ஐ’ படத்துக்கு உடை வடிவமைத்த லிண்டி ஹெமிங், பியர்ஸ் பிராஸ்னனுக்கு ரோம் நகரத்து பிரியோனி சூட்டுகளைத் தேர்ந்தெடுத்தார். காரணம் ரசனை மட்டுமல்ல. இன்றைய சண்டைப் படத்துக்கு ஒரே சூட்டில் பல பிரதிகள் வேண்டும்: ஒன்று நனைய, ஒன்று கிழிய, ஒன்று சண்டைக் கலைஞருக்கு. ஒவ்வொன்றுக்கும் 50 மணி நேரம் கேட்கிற சின்னக் கடையால் குறித்த தேதிக்குள் கொடுக்க முடியாது. 2008 முதல் டேனியல் கிரெய்க் போட்டது டாம் ஃபோர்ட். அதுவும் இத்தாலியில் தைத்ததுதான். அமெரிக்கர் பெயர், இத்தாலியத் தையல், பிரிட்டிஷ் உளவாளி. சவில் ரோவுக்கு ஆறுதல், 11ஆம் எண் ஹன்ட்ஸ்மன் கடையின் வாசலையே உளவு அமைப்பின் வாசலாகக் காட்டிய ‘கிங்ஸ்மேன்’ படத்தால் வந்தது. அதை எடுத்த மேத்யூ வான் அந்தக் கடையின் வாடிக்கையாளர்.

சின்க்ளேர் 1986இல் காலமானார். 2012இல் பாண்ட் படங்களுக்குப் பொன்விழா வந்தபோது லண்டன் பார்பிகன் மையத்தில் பெரிய கண்காட்சி வைத்தார்கள். அதற்காக ‘கோல்ட்ஃபிங்கர்’ சூட்டை சின்க்ளேரின் பெயரிலேயே மறுபடி தைத்தார்கள். அதே ஆண்டு ‘ஸ்கைஃபால்’ வெளியானது. ஓடும் ரயில் பெட்டிக்குள் குதித்து இறங்கிய கிரெய்க், எதுவுமே நடக்காதது போலச் சட்டைக் கஃப்பை இழுத்துச் சரிசெய்வார். கானரியின் வாரிசு என்று அந்த ஒரு அசைவில் காட்டிவிட்டார். ஆனால் கோட்டைப் பாருங்கள். பட்டனைச் சுற்றித் துணி இழுபட்டு நிற்கிறது, தோளிலும் தொடையிலும் பிடிக்கிறது. உடம்பைக் காட்டத் தைத்தது அது. அதற்குள் வால்தர் எங்கே ஒளியும் என்று சின்க்ளேர் கேட்டிருப்பார்.

நாம் கொஞ்சம் முன்னால் ஓடிவந்துவிட்டோம். லேசன்பி படம் வெளிவந்த 1969க்குத் திரும்ப வேண்டும். அந்த ஆண்டு காதலர் தினத்தன்று சவில் ரோவில் டாமி நட்டர் என்ற இளைஞர் ஒரு கடை திறந்தார். சவில் ரோ அதுவரை பார்த்திராத அகலத்தில் லேப்பல், வாசலில் பெரிய கண்ணாடி ஜன்னல். சில மாதங்களில் பீட்டில்ஸ் நால்வர் ‘அபே ரோடு’ இசைத்தட்டின் அட்டைக்காக ஒரு தெருவைக் கடந்தார்கள்; அவர்களில் மூவர் போட்டிருந்தது நட்டர் தைத்த சூட். அந்தக் கடையையும் அதன் அக்கம்பக்கத்துக்காரர்களின் முணுமுணுப்பையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)